ஒண்ணும் மாட்டல

“...ஆணின்னே சொல்லு நைனா. துரு புடிச்ச ஆணி. தூண்டின்ற பேச்சையே அங்க எடுக்காத, இன்னா?” என்றார், என் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக உறுமிக்கொண்டு நின்றிருந்தன. அந்த இரைச்சலில் பக்கத்தில் வெடி வைத்தாலும் கேட்காது. ஆனாலும் லாரிக்காரர்கள் காதில் விழுந்துவிடுமோ என்று அவர் என் காதோடு காதாகத்தான் சொன்னார். வலது கை துண்டுக்குள் இருந்தது. துண்டைப் பிரித்தால் கட்டைவிரலடி பழுத்த தக்காளி போல வீங்கிப் பளபளக்கும். அதற்குள் ஒரு தூண்டில் முள்ளின் முனை. அதை உள்ளே வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ஆணி என்று சொல்லச் சொல்கிறார்.

“ஆணின்னா அவங்க உள்ள தேட மாட்டாங்கணா.”

“தேடாட்டி போவுது. ஊசிய போட்டு மாத்திரைய குடுக்கட்டும். அப்பால அதுவா கரைஞ்சிடும்.”

“இரும்பு கரையுமா?”

“பாத்து ஓட்டு, முன்னால பள்ளம் கீது,” என்றார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லைதான். ஆனால் அச்சில் தன் பெயரைப் பார்த்தால், அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல மீதியைப் படிக்கிற ஆள் அவர். எங்கள் தெருவில் கிரேன்காரர் என்றால் தெரியும். துறைமுகத்தில் கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்குகிற ராட்சதக் கிரேனை ஓட்டிக்கொண்டிருந்தார். திருவொற்றியூரில் என் டூவீலர் மெக்கானிக் கடைக்கு மேல்மாடியில் அவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். நான் அண்ணா என்பேன். அவர் நைனா என்பார்.

கஞ்சன், கோபக்காரன், குடிகாரன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குணத்தை முன்னால் நிறுத்திச் சொல்வோமே, அப்படி அவருக்குச் சொல்வதென்றால் வெட்கம் என்றுதான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வெட்கம் இல்லை. தான் கஷ்டப்படுவதை இன்னொருவன் பார்த்துவிட்டான் என்றால் வருமே, அந்த வெட்கம். “கஷ்டத்துக்கு சாட்சி வெச்சுக்காத நைனா. ஒருத்தன் பாத்தா கஷ்டம், நாலு பேரு பாத்தா கத,” என்பார்.

ஒருமுறை தேரடி பக்கம், மெட்ரோ தூணுக்குக் கீழே, நடு ரோட்டில் அவர் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் உதைத்து உதைத்துப் பார்ப்பார்கள். இவர் நிதானமாக இறங்கினார். வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, “ஆங், சொல்லு... இல்லபா, உங்கூட பேசத்தான் நிறுத்துனேன், சொல்லு...” என்று ஆரம்பித்துவிட்டார். வண்டி நிற்கவில்லை, அவர்தான் நிறுத்தினார் என்று ஊர் நினைத்துக்கொள்ள வேண்டும். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்த போன் அவர் காதிலேயே மணி அடித்தது.

நான் டம்ளரை வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டேன். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் எனக்கு வேர்த்தது. அவரோடு பழகினவர்களுக்கெல்லாம் இது வந்துவிடும். நமக்குக் கண் இருப்பதே ஒரு தப்பு மாதிரி, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி, நாம்தான் கூசிப்போவோம்.

தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு ஒன்றாகப் போயிருந்தோம். எப்போதும் போலக் கடைசிப் பந்தி, சுவரோரம். பரிமாறினவன் கை தவறி ரசத்தை அவர் சட்டையில் ஊற்றிவிட்டான். “சாரிணா, சாரிணா” என்று அவன் பதறுகிறான். இவர், “எங்க? ஒண்ணும் படல, நீ போ,” என்றார். மார்பிலிருந்து வயிறு வரைக்கும் நனைந்து, புளித்தண்ணீர் சொட்டுகிறது. பந்தி முடிந்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. “கொஞ்சம் சோறு போடுப்பா” என்றார். அப்புறம் மோர் கேட்டார். அப்புறம் மறுபடியும் சோறு. இலை எடுக்கிற அம்மாவுக்கு அவர் பசியைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. “துன்னு ராசா, நல்லா துன்னு” என்று பக்கத்திலேயே நின்றார். மனிதர் சட்டை காய்கிற வரைக்கும் சாப்பிட்டார். அன்று ராத்திரி முழுக்க வயிற்று வலி என்று அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் மனைவியை அண்ணி என்பேன். புருஷனைப் பற்றி அண்ணி சொன்ன ஒரு வார்த்தையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். “இவரோட குடும்பம் நடத்துறது எப்டின்னா, தூங்குற கொயந்த பக்கத்துல குந்திகினு பாத்திரம் தேய்க்கிற மாதிரி. தேய்க்கவும் தேய்க்கணும், சத்தமும் வரக் கூடாது.” அவருக்குக் காய்ச்சல் என்றால் அண்ணி கேட்க மாட்டார். சோற்றைக் குழைய வடித்து, மிளகு ரசம் வைத்து, “இன்னிக்கு எனக்கு ஒடம்பு சரியில்ல, அதான் இப்டி சமைச்சேன்” என்று சொல்லிவிடுவார்.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அண்ணியின் தம்பிதான் சொன்னார். காத்திவாக்கத்தில் சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருந்தார் அவர். நல்ல மனுஷன்தான். ஆனால் வாய், படகைவிட அகலம். காலையில் அவர் காதில் விழுந்தது மதியத்துக்குள் கரை முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு நாள் பிரேக் சரிபார்க்கப் பைக்கைக் கொண்டுவந்தவர், மேல்மாடியை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவருக்குத் தெரிந்த அளவுக்குக் குரலைத் தணித்துச் சொன்னார்.

கிரேன்காரரின் அப்பா கட்டுமரக்காரர். ஒரு மாசி மகத்தன்று, சாமிகளெல்லாம் கடலில் தீர்த்தம் ஆட வந்து கரை கொள்ளாத ஜனம் நிற்கும்போது, அவருடைய கட்டுமரம் அலையில் கவிழ்ந்துவிட்டது. கவிழாத மரம் உண்டா? வாரத்துக்கு ஒன்று கவிழும். ஆனால் அன்றைக்குப் பார்த்தது ஊர். வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாகக் கரை ஒதுங்கினவருக்கு அங்கேயே பட்டப்பேர் வைத்துவிட்டார்கள்: கவுந்தான். அதற்கப்புறம் அந்த மனுஷன் சாகிற வரைக்கும் கவிழாமல் கடலுக்குப் போய் வந்தார். அதற்கெல்லாம் யாரும் பேர் வைக்கவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் கவுந்தான் மவன். ரேஷன் கடையில் கவுந்தான் மவன். அக்காவுக்குக் கல்யாணம் என்றால் கவுந்தான் வூட்டுக் கல்யாணம். “எங்க கரையில ஆளு செத்தாலும் பேரு சாவாதுபா,” என்றார் மச்சான்காரர். சொல்லிவிட்டு அவரே அடக்க முடியாமல் சிரித்தார்.

பிள்ளை கடலுக்குப் போகவில்லை. கம்பெனி கம்பெனியாக வேலை பார்த்து, கடைசியில் கிரேனுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த வேலை அவருக்கென்றே செய்த வேலை. ஆகாயத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒற்றை நாற்காலி. இரண்டு கைக்கும் இரண்டு பிடி, வலது கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான். காலுக்கடியிலும் கண்ணாடி, குனிந்து பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். “மேலருந்து பாத்தா அல்லாரும் தல மயிருதான் நைனா. எவன் மூஞ்சியும் எனக்குத் தெரியாது, என் மூஞ்சியும் எவனுக்கும் தெரியாது. அந்த நிம்மதிக்கு ஈடு இன்னா கீது, சொல்லு?” என்று ஒருமுறை கேட்டார். சம்பளத்தைப் பற்றி அவர் அப்படி ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் கடற்கரையில் பிறந்த உடம்பு சும்மா இருக்குமா? துறைமுகத்தில் வேலை பார்த்த வடக்கத்தி இன்ஜினியர் ஒருவர் ஊர் மாற்றிப் போகும்போது விட்டுப்போன கயாக்கை இவர் வாங்கிக்கொண்டார். மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒல்லியாக ஒரு படகு. ஓர் ஆள் காலை நீட்டி உட்காரலாம். இரண்டு பக்கமும் இலை வைத்த ஒரு துடுப்பு. லீவு நாளில் விடிந்ததும் எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் அதை இறக்கித் தனியாகத் தூண்டில் போடுவார். படகுக்காரர்கள் அதைப் பார்த்து, “தோ, வாயப்பயம் மெதக்குது பாரு” என்பார்களாம். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். சிரிப்பது கயாக்கைப் பார்த்துத்தானே.

“மச்சான் படகுலயே போலாமேணா?” என்று கேட்டேன்.

“அதுல நாலு பேரு குந்துவான். இதுல ஒத்த சீட்டு,” என்றார்.

இன்னொரு காரணமும் சொன்னார். கடலுக்குக் கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது என்பது அந்தக் கரையின் வழக்கம். கேட்டால் மீன் படாது என்று அடிக்க வருவார்கள். “இந்த ஊர்ல எங்க போற, ஏன் போற, இன்னா ஆச்சுன்னு ஒருத்தனும் கேக்காத ஒரே எடம் அதான் நைனா,” என்றார். அவர் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

அந்த இடத்தில்தான் அது நடந்தது. அவர் ஒரேயடியாகச் சொல்லவில்லை. துண்டு துண்டாக அவர் வாயிலிருந்து நான் பிடுங்கியதைத்தான் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

மின் நிலையத்துச் சுடுதண்ணீர் வந்து ஆற்றில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கொடுவா மீன் நிற்கும். அதற்கு அவர் ரப்பர் மீன் போடுவார். பெயின்ட் அடித்த பொம்மை மீன், வயிற்றில் ஒரு கொத்து முள், வாலில் ஒரு கொத்து முள். கொத்துக்கு மூன்று முனை. அன்று கடித்தது அவர் தொடை நீளத்துக்கு ஒரு கொடுவா. ரொம்ப நேரம் போராடி, இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். மீன் ஒரு உதறு உதறியது. வயிற்றுக் கொத்து மீன் வாயில் இருந்தது. வால் கொத்தில் ஒரு முனை அவருடைய வலது கட்டைவிரலடியில் இறங்கிவிட்டது. தூண்டில் முள்ளின் நுனியில் பின்பக்கமாகச் சாய்ந்த சின்னக் கூர் ஒன்று உண்டு. உள்ளே போனது திரும்பி வரக் கூடாது என்றே வைத்தது. மீனுக்கு என்ன நியாயமோ அதுதான் விரலுக்கும்.

“மீனு ஒரு பக்கம், நானு ஒரு பக்கம். நடுவுல அந்த பொம்ம. அது துள்ளுனா நானும் துள்றேன். யாரு யார புடிச்சான்னே தெர்ல நைனா.”

கால் இரண்டாலும் மீனை இறுக்கிக்கொண்டு, இடது கையால் அதன் வாயிலிருந்து முள்ளைத் திருகி எடுத்தார். கொடுவா வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. இவர் கையில் பொம்மை தொங்குகிறது. இழுத்துப் பார்த்தார், தோல் கூடாரம் போல எழும்பியது, முள் வரவில்லை. சரி, கரைக்குப் போகலாம் என்று துடுப்பைத் தேடும்போது இன்ஜின் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், மச்சான் படகு.

கூப்பிட்டிருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பொம்மையோடு சேர்த்துக் கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார். அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாம்பல் கரைந்து, எண்ணெய் மிதந்து, வெதுவெதுப்பாக ஓடும். நல்ல தோலையே அதில் வைக்க யோசிப்பார்கள்.

“இன்னா மாமா, ஒண்டியா குந்திகினு கீற? எதுனா மாட்டிச்சா?”

“ஒண்ணும் மாட்டல.”

“கைய இன்னாத்துக்கு தண்ணியில வுட்டுகினு கீற? அவிஞ்சிடும் மாமா!”

“சும்மா, கயுவுறேன்.”

“கவுறு போடட்டா? கரை வரைக்கும் இஸ்துகினு போறேன்.”

“வோணாம் மச்சான், நீ போ. நானு இன்னும் கொஞ்ச நேரம் பாக்குறேன்.”

“வாங்கடா, மாமா மீனுங்களுக்குக் கைய ஆட்டி டாட்டா காட்டிகினு கீறாரு,” என்று மச்சான் சொல்ல, படகே சிரித்தது. அவர்கள் போன அலையில் கயாக் தத்தளித்தது. தண்ணீருக்குள் தொங்கிய பொம்மையை நீரோட்டம் இழுத்தது. அது இழுத்த பக்கமெல்லாம் விரல் போனது. படகு கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாராம். “சிரிச்சு சிரிச்சு வாயி வலிச்சிகிச்சு,” என்றார். கை வலித்ததாக ஒரு வார்த்தை இல்லை.

வலை பின்னுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிற கரைக்கு அவர் வரவில்லை. துடுப்பைக் கக்கத்தில் இடுக்கி ஒற்றைக் கையால் வலித்து, பாலத்துக்கு அந்தண்டைப் பக்கம் சேற்றில் ஏற்றி, கயாக்கைக் கோரைக்குள் தள்ளி மறைத்துவிட்டு, துண்டால் கையை மூடிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா துண்டுக்குள் வால் மாதிரி எதுவோ ஆடுவதைப் பார்த்துவிட்டு, “இன்னா மீனுபா? எவ்ளோ சொல்ற?” என்று கேட்டிருக்கிறார்.

“விக்கிறதுக்கு இல்லமா,” என்றாராம் இவர்.

நான் கடையில் ஒரு வண்டிக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது.

“நைனா, அந்த கட்டிங் பிளேயர குடு.”

“எதுக்குணா?”

“ஒரு கம்பி வெட்டணும்.”

“கம்பிய குடு, நான் வெட்டித் தரேன்.”

“அது... தனியா இல்ல,” என்றார்.

துண்டை விலக்கினேன். கட்டைவிரலடியில் அந்தப் பொம்மை மீன் கண்ணை உருட்டிக்கொண்டு தொங்கியது. இவ்வளவு வலியிலும் அவர் கவலை, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்களா என்பதுதான். ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். பொம்மையையும் மற்ற இரண்டு முனைகளையும் வெட்டி எடுத்தேன். மூன்றாவதைத் தோலுக்கு மேலே வெட்டத்தான் முடிந்தது. நுனியும் அந்தச் சின்னக் கூரும் உள்ளே நின்றுவிட்டன.

“இத்த டாக்டருதான்ணா எடுக்கணும். வா, இப்பவே போலாம்.”

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெளிய தெர்லல்ல?”

“தெரியல. ஆனா...”

“அது போதும்,” என்றார். மேலே ஒரு பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு இரண்டாவது ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அந்த வாரத்துக்குள்ளேயே அண்ணி கடை வாசலில் வந்து நின்றார். கூடையில் ஒன்றும் இல்லை, வாங்குவதற்கும் ஒன்றும் இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ரெண்டு வேளையா இடது கையில துன்றாரு. நானு பாக்காத மாதிரி சொவுத்த பாத்துகினு குந்தறேன். ராவெல்லாம் ஒடம்பு அனலா கொதிக்குது. நான் கேட்டா வூட்ட வுட்டே போயிடுவாரு. நீ கேளு தம்பி. உன்கிட்டதான் அவுருக்கு வெக்கம் கொஞ்சம் கம்மி.”

மாடிக்குப் போனேன். போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தக் கையோடு கூண்டில் ஏறி, பொத்தான் அமுங்காமல் பாரம் கீழே நிற்கிற ஆள் மேல் இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். தன் கையைப் பற்றி ஆயிரம் சொன்னாலும் அசையாதவர், அதற்கு எழுந்து சட்டையைத் தேடினார். ஒரு கையால் பட்டன் போட்டுக்கொண்டார். நான் உதவவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வருகிறேன், ஆனால் ஆணி என்றுதான் சொல்வேன் என்ற நிபந்தனையோடு வண்டியில் ஏறினார்.

அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். யோசித்துப் பார்த்தால், கரையில் கேட்கவே கூடாத கேள்வியை அங்கே வாசலிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். சீட்டு எழுதுகிறவர், “என்ன ஆச்சு?” காவலுக்கு நிற்கிறவர், “என்ன ஆச்சு?” வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற மீன்காரம்மா காத்திவாக்கத்துக்காரர், இவரைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். அவரும் எட்டிப் பார்த்து, “இன்னா ராசா, கையில?” என்றார்.

“ஆணிமா.”

“பாத்து நடக்கக் கூடாதா?”

“கையில குத்துன ஆணிக்கு பாத்து நடந்தா இன்னா, பாக்காம நடந்தா இன்னா ஆயா?” என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். நாலைந்து பேர் சிரித்தார்கள். கிரேன்காரர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். வீக்கத்தை மெதுவாக அழுத்திப் பார்த்தார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டார்.

“ஆணி முழுசா வெளிய வந்துடுச்சா?”

“வந்துடுச்சு டாக்டரம்மா.”

“நல்லா பாத்தீங்களா? உள்ள துண்டு ஏதாவது இருந்தா எத்தனை ஊசி போட்டாலும் இது இறங்காது. ஆழமா போச்சுன்னா விரலுக்கே ஆபத்து. என்ன வேலை பாக்கறீங்க?”

“கிரேனு ஓட்டுறேன்.”

“அப்போ கட்டைவிரல் வேணுமில்ல? சொல்லுங்க, உள்ள ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்லமா.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “குத்தும்போது நீங்க கூட இருந்தீங்களா?” இவரும் என்னைப் பார்த்தார். ஒரு பெரிய மனுஷன் இன்னொரு மனுஷனைப் பார்க்கிற பார்வை இல்லை அது. நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. டாக்டர் ஊசியும் மாத்திரையும் எழுதி, வீக்கம் வடியாவிட்டால் மறுநாள் கண்டிப்பாக வரச் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வாசல் படியில் இறங்கும்போது சீட்டு அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. நான் குனிந்தேன். “இரு, நான் எடுக்கிறேன்,” என்றார். காயத்தை மறந்து வலது கையை நீட்டிவிட்டார் போல. கட்டைவிரல் மடங்கவில்லை. ஆட்காட்டி விரல் தனியாகப் போய்ச் சீட்டைத் தள்ளியது. மறுபடியும் நீட்டினார். சீட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. வருகிறவர்கள் போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். குந்தின மேனிக்கே அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இடது கையால் சீட்டை எடுத்தார்.

“வண்டிய எடு,” என்றார்.

எடுத்தேன். ஸ்டார்ட் செய்து, ஏறட்டும் என்று காத்திருந்தேன். பின்னால் பாரம் உட்காரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் ஆளைக் காணோம். திரும்பினேன். படியேறி உள்ளே போய்க்கொண்டிருந்தார். நான் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

“ஏய், லைன்ல வாயா! நாங்கல்லாம் சும்மாவா நிக்கிறோம்?” என்று வரிசை கத்தியது. அவர் யாரையும் பார்க்காமல் நேராக டாக்டர் மேசைக்கு முன்னால் போய் நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

“கேக்கலைங்க, சத்தமா சொல்லுங்க,” என்றார் டாக்டர்.

“ஆணி இல்லமா.” குரல் உடைந்து, எதிர்பாராத அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. “தூண்டி. என் தூண்டி, என் கையி. நானேதான் குத்திகினேன். முனை உள்ளதான் கீது.”

முதலில் மீன்காரம்மாதான் வாயைத் திறந்தார். “அடப் பாவி! மீனு முழுங்குற தூண்டிய நீயா முழுங்கிகின?” வரிசை குலுங்கியது. காய்ச்சலில் சுவரோடு சாய்ந்திருந்தவர்கூடச் சிரித்தார். “காத்திவாக்கத்துக்காரன்னு மட்டும் வெளிய சொல்லிக்காதய்யா, எங்க மானம் போயிடும்!” என்று இன்னொரு குரல்.

“இப்பவாவது சொன்னீங்களே,” என்றார் டாக்டர். “எடுத்துடலாம். உக்காந்து கையை இங்க வைங்க.”

அவர் உட்கார்ந்தார். வலது கையைத் துண்டிலிருந்து எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விளக்குக்குக் கீழே மல்லாத்தி வைத்தார். பின்னால் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. இடது கையில் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. அதைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். உள்ளங்கை அகலம்கூட இல்லாத சீட்டு. நெற்றி தெரிந்தது, காது இரண்டும் தெரிந்தன, தாடை தெரிந்தது. கண்ணை மட்டும் மறைத்துக்கொண்டு, நீட்டின கையை இழுத்துக்கொள்ளாமல், அப்படியே உட்கார்ந்திருந்தார்.